கனல்பூதமே, களத்துக்கு வா

காரியாபட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில், மத்தியானச் சோறு தின்று, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி, அன்று காலையில்தான் பெட்டிக்கடையில் வாங்கிப் பிரித்த மாயப்படைப் பாக்கெட்டிலிருந்து ஒரு கார்டை உருவி, மண்ணில் ஓங்கி அறைந்து, "கனல்பூதமே, களத்துக்கு வா!" என்று கத்தினாள். அந்த விளையாட்டில் அப்படிக் கத்தித்தான் பூதத்தை இறக்க வேண்டும், கத்தாவிட்டால் கார்டு செல்லாது. அவள் கத்திய அதே நேரத்தில், வெகுதூரம் தள்ளி நத்தக்குளத்தில், தன் வீட்டுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்த சீனிராஜ், கையில் பசையோடும் மடியில் பாதி சுற்றிய குழாயோடும், போட்ட சம்மணம் கலையாமல், அந்த வட்டத்தின் நடுவே உட்கார்ந்திருந்தார்.

பிள்ளைகள் கார்டைப் பார்த்தார்கள், அவரைப் பார்த்தார்கள், மறுபடியும் கார்டைப் பார்த்தார்கள். அதே முகம்தான். "வந்துட்டாரு, உன் முறை," என்று எதிரில் இருந்தவனிடம் சொன்னாள் கார்டுக்காரி. அவன் கொஞ்சம் யோசித்துப் பாறைப்பூதத்தை இறக்கினான். பாறைக்குப் பலம் அதிகம். "மாமா, நீங்க தோத்துட்டீங்க, ஓரமா உக்காருங்க," என்றார்கள். சீனிராஜ் ஓரமாக உட்கார்ந்து மிச்ச ஆட்டத்தையும் பார்த்தார். பிறகு ஒரு வாத்தியார் வந்து, எந்த ஊர் என்று விசாரித்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, ரோட்டுக்குக் கூட்டிப்போய், பஸ்ஸை நிறுத்திக் கண்டக்டரிடம் சொல்லி ஏற்றிவிட்டார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவர் வீடு வந்து சேர்ந்தார்.

"எங்க போயிட்டீக?" என்று கேட்டாள் மனைவி பாக்கியத்தாய்.

"காரியாபட்டிக்கு. ஒரு பிள்ள கார்டைப் போட்டுக் கூப்பிட்டுச்சு."

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்ன?"

"சொல்ல நேரமில்ல," என்றார் அவர். கை கழுவிவிட்டு வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார்.

உள்ளே கட்டிலில் போனை நோண்டுகிற பாவனையில் குனிந்திருந்த மகள் கார்த்தீஸ்வரி மட்டும், கார்டு என்ற வார்த்தையைக் கேட்ட மாத்திரத்தில் போனைக் கவிழ்த்து வைத்தாள். ஏனென்றால் அந்தக் கார்டில் இருக்கிற படத்தை வரைந்தது அவள்தான்.

சீனிராஜின் முகத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும், சொல்லாமல் நகர முடியாது. கார்த்தீஸ்வரி நாலாம் வகுப்புப் படித்த வருஷம், ஒரு பட்டாசு ஆலையின் காயப்போடும் களத்தில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. சீனிராஜ் பிழைத்தார், ஆனால் முகத்தின் இடது பாதி பிழைக்கவில்லை. காது வத்தலாகச் சுருண்டு ஒட்டிக்கொண்டது. கன்னத்துத் தோல் இழுத்துக் கட்டியதுபோலக் கழுத்து வரைக்கும் இறங்கியது. வலது பாதி மட்டும், கல்யாண போட்டோவில் இருக்கிற அதே ஆளாக, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொண்டு இருந்தது. அன்றிலிருந்து அவர் வெயில் இருக்கும்போது வாசலுக்கு வருவதில்லை. வீட்டோடு கிடந்து குழாய் சுற்றினார். உறவில் ஒரு கல்யாணம், ஒரு சாவு, ஒரு கோயில் கொடைவிழா எதற்கும் போனதில்லை. ஊர்க்காரர்களுக்கும் அது பழகிப்போய், பத்திரிகை வைக்க வரும்போதே "அண்ணன் வரமாட்டாக, தெரியும்" என்று அவர்களாகவே சொல்லிக்கொண்டார்கள்.

மாயப்படை என்பது சிவகாசிப் பக்கம் அச்சாகிற கார்டு விளையாட்டு. ஐம்பது அறுபது பூதங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு பலம். கார்த்தீஸ்வரி அந்தக் கார்டுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்துதான் படம் பழகினாள், அதை வைத்துத்தான் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஞானதுரையின் ஃப்ளெக்ஸ் கடையில் வேலைக்கும் சேர்ந்தாள். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, கட்சித் தலைவர் வருகை எல்லாமே அவள் கையால்தான் ஊரில் எழும்பி நின்றன. அந்த நேரத்தில்தான் கம்பெனிக்காரர்கள் ஒரு போட்டி அறிவித்தார்கள். பழைய பூதங்களில் உங்களுக்குப் பிடித்த ஒன்றை நீங்களே புதிதாக வரைந்து அனுப்புங்கள், ஜெயிக்கிற படத்தை நிஜக் கார்டாகவே அடிப்போம், ஜெயித்தவரே அடுத்த வரிசைப் பூதங்களையும் வரையலாம் என்றார்கள். கார்த்தீஸ்வரிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அவள் எடுத்தது கனல்பூதம். பழைய கார்டில் அது பழுத்த தக்காளிக்குக் கண் வைத்ததுபோல இருக்கும், எந்தப் பிள்ளையும் பயந்ததில்லை. தீயில் பிறந்த பூதம் தீ மாதிரி இருக்க வேண்டாமா என்று அவள் எப்படி எப்படியோ வரைந்து பார்த்தாள், எல்லாமே பொம்மையாகவே வந்தது. கடைசியில் ஒரு நாள், கடைக் கம்ப்யூட்டரில் வேறெதையோ தேடும்போது, மாற்றுத்திறனாளி அட்டைக்காக அப்பாவை எடுத்து அங்கே பிரிண்ட் போட்ட போட்டோ கண்ணில் பட்டது. "காயம் நல்லாத் தெரியணும், இப்படித் திரும்புங்க" என்று போட்டோக்காரர் சொல்லச் சொல்ல அவர் வெந்த பக்கத்தைக் காட்டி நின்ற படம். அவள் ஒரு நிமிஷம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைத் திரையில் விரித்து, அதன்மேல் கோடு கோடாக ஒற்றி எடுத்தாள். கார்டில் பலத்தைக் காட்டுகிற வட்டம் வலது ஓரத்தில் இருக்கும், பூதம் அந்தப் பக்கம் பார்க்க வேண்டும்; போட்டோவில் அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் எப்போதும் உள்ளே பார்க்க வேண்டும் என்பது ஃப்ளெக்ஸ் கடையின் முதல் பாடம், தலைவர் ஆனாலும் மணமகன் ஆனாலும் வெளியே பார்த்தால் திருப்பிப் போட்டுவிடுவார்கள். அவளும் யோசிக்காமல் ஒரு பட்டனைத் தட்டித் திருப்பினாள். இடது பக்கத்துத் தழும்பு வலது பக்கம் போனது. அது அவள் கண்ணில் படவே இல்லை. சொந்தப் பேரைப் போடக் கூசி, தூரிகா என்று ஒரு பேரைப் போட்டு அனுப்பினாள், படம் ஜெயித்துவிட்டது.

ஜெயித்தால் என்ன, ஒரு பாக்கெட்டுக்கு ஒரு கார்டு, எந்தக் கூட்டத்தில் எங்கப்பாவைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அவரே நேரில் போய் நிற்பார் என்று நினைக்கவில்லை.

காரியாபட்டிக்கு அடுத்த நாள் அருப்புக்கோட்டை, அதற்கடுத்து எட்டையபுரம், ஒரே நாளில் கோவில்பட்டியும் கழுகுமலையும். எங்கே எந்தப் பிள்ளை கனல்பூதத்தை இறக்கினாலும் அவர் அங்கே போனார். ஒரே சமயத்தில் பல ஊரில் கூப்பிட்டால், முதலில் கத்தியவர்களிடம் முதலில் போனார், மற்றவர்கள் காத்திருந்தார்கள். முதல் சில நாள் குளிக்கும்போதும் கொப்புளிக்கும்போதும் கூப்பிட்டுவிட்டதால் மானம் போயிற்று. அப்புறம் பாக்கியத்தாய் அவரை விடிந்ததும் குளிக்க வைத்து, சட்டையை மாட்டி, செருப்பைப் போட்டு, ஒரு மஞ்சப்பையில் தண்ணீர் பாட்டில், கட்டுச்சோறு, கண்ணுக்கு ஊற்றுகிற மருந்து எல்லாம் வைத்து, கையில் கொடுத்து, "ரெடியா இருங்க" என்று நடுவீட்டில் உட்கார வைத்தாள். அவரும் பஸ் வரக் காத்திருக்கிற ஆளைப் போல, பையை மடியில் வைத்துக்கொண்டு குழாய் சுற்றினார்.

ஊரும் சீக்கிரமே பழகிக்கொண்டது. ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது அவர் காணாமல் போனால், பின்னால் நிற்கிறவர் அந்த இடத்தில் ஒரு கல்லை வைத்து, கல்லைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோனார். கல்யாணத் தரகர் தங்கப்பழம் தினமும் காலையில் வந்து, "அண்ணாச்சி, ஒருவேளை ராஜபாளையம் போனீகன்னா இந்த ஜாதகத்தைக் குடுத்திருங்க, சங்கரன்கோவில் போனா இந்தா இது," என்று இரண்டு கவரைப் பையில் செருகினார். கட்டிக்கொடுத்த மகளுக்கு ஊறுகாய் கொடுத்தனுப்பிய பெண்கள், எந்த ஊர்ப் பிள்ளை எப்போது கூப்பிடும் என்று தெரியாததால், ஊறுகாய் நாள்கணக்கில் அவரோடு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததைப் பார்த்து, "நல்லா ஊறியிருக்கு" என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர்கள் கூட்டம் போட்டுப் பேசி, பூதமாகப் போகும்போது அவர் பஸ்ஸில் போவதில்லை, திரும்பும்போது மட்டும்தானே வருகிறார் என்று தங்களுக்குள் ஒரு முடிவுக்கு வந்து, ஜன்னலோர இடம் ஒன்றை அவருக்காக விட்டு வைத்தார்கள். பரீட்சை நேரத்தில் கூப்பிடக்கூடாது, அவர் சாப்பிடும்போது கூப்பிட்டால் கூப்பிட்டவன் வீட்டில்தான் மிச்சச் சோறு போட வேண்டும், தோற்றாலும் அவருக்குக் கைதட்ட வேண்டும் என்று பிள்ளைகளே சட்டம் வகுத்தார்கள். யாரும் வகுத்துக் கொடுக்கவில்லை, ஆனால் அந்தச் சட்டம் எட்டையபுரத்திலும் இருந்தது, திருச்சுழியிலும் இருந்தது.

சீனிராஜுக்கோ வெயில் பழகிவிட்டது. முகத்தை மறைத்துப் போட்டிருந்த துண்டு முதலில் தோளுக்கு வந்தது, பிறகு அதுவும் வீட்டிலேயே தங்கிவிட்டது. சாயங்காலம் வந்ததும் அன்று பார்த்ததையெல்லாம் சொல்வார். "கழுகுமலைல ஒரு பிள்ள, மூணு தடவ தொடர்ந்து என்னைய ஜெயிக்க வச்சிருச்சு தெரியுமா," என்பார். அப்படிச் சொல்லும்போது அந்த வலது பாதி முகம் சிரிக்கிற சிரிப்பைப் பாக்கியத்தாய் அடுப்படியிலிருந்தே கேட்டுக் கண்டுபிடித்துவிடுவாள்.

கார்த்தீஸ்வரி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள்.

ஆறாம் வகுப்பில் ஒரு நாள் அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். சீனிராஜ் அதை எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். காற்றில் துண்டு விலகியது, முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி வீல் என்று கத்தினாள். "யாருடி அது?" என்று கேட்டபோது கார்த்தீஸ்வரி, "எங்க வீட்டுக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்துற ஆளு," என்று சொன்னாள். அவர் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தார். டப்பாவை வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம், அப்பா இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு வரக் கூடாது என்று அழுதாள், அவரும் அதன்பின் வரவில்லை. இப்போது ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவர் போகாத நாளில்லை, எந்தப் பள்ளிக்கூடத்திலும் எந்தப் பிள்ளையும் பயந்து கத்தவில்லை, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். அதை நினைக்க நினைக்கக் கார்த்தீஸ்வரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அப்பா, அந்தப் படத்தை வரைந்தது நான்தான், உங்களைப் பூதமாக்கியது நான்தான் என்று ஒரு வரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தினமும் சொல்ல நினைத்தாள், தினமும் மென்று விழுங்கினாள்.

இந்த நிலைமையில் ஊர் இளைஞர் மன்றத்துக்காரர்கள் ஃப்ளெக்ஸ் கடைக்கு வந்தார்கள். "எங்கள் ஊர்க் கனலே, எட்டுத் திசையும் அழைக்கும் பூதமே" என்று ஒரு ஃப்ளெக்ஸ் வேண்டும், பஸ் நிறுத்தத்தில் கட்ட வேண்டும், படத்துக்கு அந்தக் கார்டையே பெரிசு பண்ணிப் போடுங்கள் என்றார்கள். கார்த்தீஸ்வரி தலை நிமிராமல் வேலை செய்தாள். அவள் வரைந்த படத்தை அவளே வேறு யாரோ வரைந்ததுபோலத் திறந்து, வெட்டி, ஃப்ளெக்ஸின் வலது ஓரத்தில் வைத்தாள்.

"முகம் வெளிய பாக்குது பாரு, திருப்பு," என்றார் ஞானதுரை.

திருப்பினாள். தழும்பு மறுபடியும் பக்கம் மாறியது.

ஃப்ளெக்ஸ் கட்டிய அன்று ஊரே நின்று பார்த்தது. "ஏ, இப்பத்தான் சரியா இருக்கு! கார்டுல பக்கம் மாறில்ல கெடந்துச்சு," என்றார் டீக்கடைக்காரர்.

சீனிராஜ் ஒத்துக்கொள்ளவில்லை. "என்னய்யா, கார்டுலதான் சரியா இருக்கு. இதுல தப்பா அடிச்சுட்டாங்க," என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் டீக்கடைக்காரர் சொன்னதையே சொல்லி அவரோடு சண்டை போட்டிருந்தன. கார்டில் இந்தப் பக்கம், உங்களுக்கு அந்தப் பக்கம் என்று அவை கையைப் பிடித்துக் காட்டும், அவர் விளங்காமல் சிரிப்பார். அவருக்குத் தன் முகம் கண்ணாடியில்தான் பழக்கம். கண்ணாடியில் எப்படித் தெரியுமோ அப்படியே கார்டில் இருந்தது, அதனால் உலகத்திலேயே அவர் ஒருவருக்கு மட்டும் அந்தப் படம் அச்சு அசலாக இருந்தது.

பாக்கியத்தாய்க்கு அப்படியில்லை. அவள் அந்த முகத்தை இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்தவள். ஃப்ளெக்ஸைப் பார்த்தாள், முந்தானையில் முடிந்து வைத்திருந்த கார்டை எடுத்துப் பார்த்தாள், பிறகு மகளைப் பார்த்தாள். கார்டை மறுபடி முடிந்துகொண்டாள். ஆளை நேரில் பார்த்து வரைகிறவளுக்குப் பக்கம் மாறாது என்பது படம் வரையத் தெரியாத பாக்கியத்தாய்க்கும் தெரியும்.

கனல்பூதம் இப்படி நேரில் வருகிற செய்தி பரவி, மாயப்படைப் பாக்கெட்டுகள் கடையில் நிற்காமல் போனபடியால், கம்பெனிக்காரர்கள் மதுரையில் ஒரு மண்டபம் பிடித்து, தூரிகாவுக்குக் கேடயம் கொடுக்கப் போவதாக அறிவித்தார்கள். அவளுக்குப் போன் பண்ணி, அடுத்த வரிசை முழுவதும் நீங்கள்தான், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். கார்த்தீஸ்வரி வீட்டில் ஃப்ளெக்ஸுக்கு மை வாங்க மதுரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அப்பா வழக்கம்போலப் பையோடு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தார். "பாத்துப் போயிட்டு வா பாப்பா," என்றார்.

மண்டபம் நிறையப் பிள்ளைகள். மேடையில் அவள் கையில் கேடயத்தைக் கொடுத்த பிறகு, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய அம்மாள் முன்வரிசையிலிருந்து ஒரு சிறுமியை மேலே கூப்பிட்டு, "இப்ப நம்ம ஹீரோவை வரவழைப்போமா?" என்று ஒரு கார்டை நீட்டினார். கார்த்தீஸ்வரி வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள், சிறுமி மேடைப் பலகையில் கார்டை அறைந்து கத்திவிட்டாள்.

சீனிராஜ் வந்தார். வெள்ளைச் சட்டை, செருப்பு, மடியில் மஞ்சப்பை. எழுந்து நின்று கூட்டத்துக்குக் கும்பிடு போட்டார், பிறகு பக்கத்தில் கேடயத்தோடு நின்றவளைப் பார்த்தார்.

"அட, நீ இங்கதான் வந்தியா பாப்பா? காலையிலயே சொல்லியிருந்தா ஒண்ணா வந்திருக்கலாமே," என்றார்.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. கார்த்தீஸ்வரி கேடயத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். அதற்குள் முன்வரிசையில் ஒரு பிள்ளை எழுந்து, "அக்கா, மாமா எங்க ஸ்கூல்ல சொன்னாரு, அவரு பொண்ணுதான் வரைஞ்சதுன்னு! ஜன்னல் பக்கம் சேர் போட்டு உக்கார வச்சு, முகத்தையே பாத்துப் பாத்து வரைஞ்சீங்களாமே, எவ்வளவு நேரம் பாத்தீங்க?" என்று கேட்டது. "எங்க ஸ்கூல்லயும் சொன்னாரு!" என்று பின்னாலிருந்து பல குரல்கள் வந்தன.

காரியாபட்டியில் முதல் நாளே அவர் அதைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் சொல்லியிருக்கிறார். கண்டக்டர்களுக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும், ஃப்ளெக்ஸ் கேட்டு வந்து அவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்த இளைஞர் மன்றத்துக்காரர்களுக்குத் தெரியும். அவளாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்று ஊரே கண்டும் காணாமல் இருந்திருக்கிறது, அவள் மட்டும் தான் ஒளிந்திருப்பதாக நினைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றிருக்கிறாள்.

மைக்கை வாயருகே கொண்டுவந்தார்கள். எல்லாரும் காத்திருந்தார்கள், சீனிராஜும் காத்திருந்தார்.

"ரொம்ப நேரம்," என்றாள் கார்த்தீஸ்வரி.

மண்டபமே கைதட்டியது. "அசையவே கூடாதுன்னுட்டா," என்று சீனிராஜ் மைக்கில் எட்டிச் சொன்னார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோக்காரர் நிற்கச் சொன்ன பக்கம் நின்றாள், சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். ஆறாம் வகுப்பில் சொன்ன பொய்யைவிட இது பெரிய பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்போது அவரை விலக்குவதற்காகச் சொன்னாள், இப்போது அவரைத் தூக்கிப் பிடித்துத் தான் நல்ல பேர் வாங்குவதற்காகச் சொன்னாள்.

திரும்பும்போது மத்தியான பஸ். சீனிராஜ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார், வெந்த பக்கம் வெளியே பார்க்கும்படியாக. கேடயத்தை அவர்தான் மடியில் வைத்துக்கொண்டார். திருமங்கலம் தாண்டியதும் கார்த்தீஸ்வரி முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் உங்களை உக்கார வச்சு வரையல."

"அது எனக்குத் தெரியாதா? நான்தானே உக்காரல," என்று சிரித்தார். "பிள்ளைக கேட்டுச்சு, உங்க மக பயப்படலையான்னு. என்னத்தச் சொல்ல, அப்படி ஒண்ணு சொல்லி வச்சேன். ஆனா மனசுல பாத்துத்தானே வரைஞ்ச? காது சுருண்டது, கழுத்துல தோலு மடங்குனது, எல்லாம் இருக்கே. காரியாபட்டில கார்டைப் பாத்ததும் நீ போட்ட கோடுன்னு தெரிஞ்சுபோச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? ஒரு நாளும் மூஞ்சியப் பாக்காத மாதிரி இருந்துக்கிட்டு, இந்தப் பிள்ள எல்லாத்தையும் பாத்து வச்சிருக்கேன்னு தோணுச்சு. அன்னைக்கு பஸ்ல வர்றப்ப முழுக்க அதுதான் ஓடுச்சு எனக்கு."

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று கார்த்தீஸ்வரிக்குத் தோன்றியது. நிறுத்திக்கொண்டால் அவர் சந்தோஷமாக இருப்பார், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தைத் திருட்டுப் பொருளாக அவர் மடியில் வைத்துவிட்டு, தான் பக்கத்தில் உட்கார்ந்து வர அவளால் முடியவில்லை.

"போட்டோப்பா. அந்த அட்டைக்கு எடுத்த போட்டோ. கம்ப்யூட்டர்ல அதை வச்சு, அதுமேலயே வரைஞ்சேன். அப்புறம் திருப்பிப் போட்டேன், அதான் பக்கம் மாறியிருக்கு. நான் உங்களைப் பாக்கவே இல்லப்பா."

பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. அவர் "ஓ" என்றார். அவ்வளவுதான் கேட்டது. கார்த்தீஸ்வரி இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, என்ன ஆனாலும் சரி என்று முழுசாக அவர் பக்கம் திரும்பினாள். இருக்கை காலியாக இருந்தது. எங்கேயோ ஒரு பிள்ளை கார்டை இறக்கியிருந்தது. கேடயமும் அவரோடு போயிருந்தது.

"அண்ணாச்சி போயிட்டாரா?" என்று கேட்ட கண்டக்டர், அந்த இடத்தில் வேறு யாரும் உட்காராமல் பார்த்துக்கொண்டார்.

கார்டு அவள் பையில் இருந்தது. எடுத்து வைத்து ஒரு முறை கத்தினால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார். அவள் கார்டை எடுத்தாள், அந்தப் பேர் வாயில் வரவில்லை. "அப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தாள், பக்கத்து வரிசைக்காரி திரும்பிப் பார்த்தாள், வேறொன்றும் நடக்கவில்லை. கார்டை மறுபடி பையில் போட்டுக்கொண்டாள்.

நத்தக்குளம் நிறுத்தத்தில் இறங்கியவள் வீட்டுக்குப் போகவில்லை. தான் அடித்த ஃப்ளெக்ஸின் நிழலில் நின்றாள். சாத்தூர் பஸ் வந்தது, அதில் இல்லை. விருதுநகர் பஸ் வந்தது, அதிலும் இல்லை. வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் "அப்பாவுக்கா நிக்கிற?" என்று கேட்டார்கள், அவள் தலையை ஆட்டினாள். இனி அவர் வரமாட்டாரோ, அந்த "ஓ"தான் கடைசியோ என்றுகூட ஒரு நேரம் பயந்தாள். வெயில் சாய ஆரம்பித்தபோது கோவில்பட்டிப் பஸ்ஸிலிருந்து, மஞ்சப்பையும் கேடயமுமாக, பின்படி வழியாக அவர் இறங்கினார்.

பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்ந்தது. சீனிராஜ் நின்று, ஆள்காட்டி விரலால் இடது கண்ணின் மேல் இமையைப் பிடித்து, கீழே இழுத்து மூடிக்கொண்டார். புழுதி அடங்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். பிறகு விரலை எடுத்தார், இமை தானாக மேலே போனது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாகச் செய்கிற காரியத்தைச் செய்கிறவராகக் கவனமில்லாமல் அதைச் செய்தார். அந்தக் கண் தானாக மூடாது என்பதே கார்த்தீஸ்வரிக்கு அப்போதுதான் தெரிந்தது. போட்டோவில் அது தெரியவில்லை.

"வலிக்குமாப்பா?" என்று கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வியை அவள் இதுவரை கேட்டதில்லை என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது.

"தூசி பட்டா மட்டும் எரியும்," என்றார்.

அவளால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்ன, பார்வை தானாகக் கீழே, அவர் செருப்புக்கு இறங்கியது. நிறுத்தத்தில் நின்றவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். சீனிராஜ் பையையும் கேடயத்தையும் தரையில் வைத்துவிட்டு, ஒரு எட்டு முன்னால் வந்து, இடது பக்கம் வெயிலில் படும்படி முகத்தை அவளுக்குக் காட்டி நின்றார்.

"எந்தப் பிள்ளையாச்சும் கூப்பிடுறதுக்குள்ள நல்லாப் பாத்துக்க பாப்பா," என்றார்.

கார்த்தீஸ்வரி நிமிர்ந்தாள்.